சனியின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று ஊரைக் கூட்டினேன், வளையம் வரவில்லை

கேள்வி: கூழ் ஆலைக்காரன், காவேரிப்பட்டணம்

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். புலம்பலும் கேள்வியும் கலந்தது.

நான் மாங்கூழ் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனை ஆள். சீசன் வந்துவிட்டால் பெங்களூரா மாம்பழ லோடு வரிசைகட்டி நிற்கும். ஒரு சொட்டுக் கூழைக் கருவியின் கண்ணாடியில் தடவி, வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, எழுதுவதுதான் நாள் முழுக்க வேலை. சீசன் முடிந்தால் கை சும்மா இருக்காது. அப்படிப் பிடித்த பைத்தியம்தான் டெலஸ்கோப். இரண்டு வருட போனஸைச் சேர்த்து 130 மி.மீ. ஆடி வைத்த ஒன்றை வாங்கினேன். வீட்டில் அதற்குப் பெயர் பீரங்கி. அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாம் என்று நைனா இன்றைக்கும் சொல்வார்.

மொட்டைமாடியில் நானாகப் பார்த்துக்கொண்டிருந்த வரை ஒரு வம்பும் இல்லை. 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 இறங்கிய மாலை, எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். வெடித்தவரில் ஒருவரை மறுநாள் கேட்டேன், எங்கே இறங்கியது என்று. "நிலாவுல." நிலாவில் எங்கே? "நிலாவுல எங்கன்னா? நிலாவுலதான்." சரி, இந்த ஊருக்கு நாம்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று அன்றைக்கு ஏறிய கொழுப்பு, போன கார்த்திகையில் இறங்கியது.

2025 நவம்பர் 30, தீபத்துக்கு முந்தின ஞாயிறு. மாரியம்மன் கோயில் திடல். ஒரு வாரமாகத் தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன், பெரிய வளையத்தோடு சனிக் கிரகத்தின் படம் போட்டு. அறுபது பேர் இருப்பார்கள். வேட்டியைத் திரையாகக் கட்டி 42 ஸ்லைடு ஓட்டினேன். பெருவெடிப்பு, பால்வீதி, கருந்துளை, காலம் வளைவது, மனிதன் எங்கிருந்து வந்தான் என்பது வரை ஒன்று விடவில்லை. பத்தாவது ஸ்லைடில் பையன்கள் பானிபூரி வண்டிக்குப் போய்விட்டார்கள். இருபதாவதில் என் மனைவியே எழுந்து போனாள். அடுப்பில் பால் வைத்திருந்தாளாம்.

அப்புறம் டெலஸ்கோப். முதலில் நிலா. பாதிக்கு மேல் வளர்ந்த நிலா, பள்ளங்களின் விளிம்பில் நிழல் விழுந்து பிரமாதமாக இருந்தது. போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். அதோடு மூட்டை கட்டியிருக்க வேண்டும். நான் சனிக்குத் திருப்பினேன்.

வளையம் இல்லை. உருண்டையின் நடுவில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். வளையம் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பும் சமாசாரம் மார்ச்சிலேயே முடிந்தது, நவம்பருக்குள் நன்றாக விரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நவம்பர் கடைசியில் அது மறுபடி கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரிக்கு வந்து நின்றதைச் சரிபார்க்கவில்லை. வரிசையில் முதல் ஆள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, குலோப்ஜாமூன்ல பல்குத்தற குச்சி சொருகின மாதிரி இருக்குது. நோட்டீஸ்ல வேற போட்டிருந்தியே?"

அடுத்த கூத்து, பாதிப் பேர் கண்ணையே வைக்க மாட்டேன் என்றார்கள். சனி! ஒரு அக்கா மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "அவரு பார்வை படக் கூடாதுன்னுதான் வாராவாரம் எள்ளு தீபம் போடறோம். நீ என்னடான்னா காசு குடுத்துக் குழாய் வாங்கி அவரையே பாக்கச் சொல்றே."

கடைசியாக எதிர்வீட்டு ஆயா. எண்பதைத் தாண்டியவர். பார்த்தார். "இதுக்கு அந்தாண்ட என்னா இருக்குது?" என்றார். நட்சத்திரங்கள் என்றேன். "அதுக்கு அந்தாண்ட?" வேறு பால்வீதிகள். "அதுக்கும் அந்தாண்ட?" நான் விரிவடையும் பிரபஞ்சம், ஒளியாண்டு என்று ஐந்து நிமிடம் உளறினேன். ஆயா என் கன்னத்தைத் தட்டி, "சரி சாமி, உனக்கும் தெரியல. பரவால்ல, போயி சாப்பிடு" என்றார்.

நைனா வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "இதனால யாருக்கு என்ன பிரயோசனம்?"

எங்கே தப்பு செய்தேன்? மறுபடி செய்ய ஆசை இருக்கிறது, நோட்டீஸ் ஒட்ட முகம்தான் இல்லை.


பதில்: ஊத்தங்கரை டீச்சர்

தம்பி, 31 வருடம் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு ஆறுதல். இதே அவமானம் கலிலியோவுக்கு நடந்திருக்கிறது. 1610இல் சனியைப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. வளையம் என்று அவருக்குத் தெரியாது. 1612இல் திரும்பப் பார்த்தால் இரண்டையும் காணோம். மனுஷன் குழம்பிப்போனார். அது வளையம், சில வருடங்களில் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பும் என்று ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி 1659இல் எழுதிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. உன் வரிசையில் நின்றவர் குச்சி என்று சொன்னார் பார், நாலு நூற்றாண்டுக்கு முன்னால் விஞ்ஞானிகள் விழுந்து எழுந்த இடத்தில் அவரே நின்றிருக்கிறார். நீதான் வெட்கப்பட்டுக்கொண்டு நழுவவிட்டாய்.

அந்த இடத்தில் உனக்கு வேண்டியிருந்தது ஒரு பொரித்த அப்பளம். மேலிருந்து காட்டினால் வட்டம். கண்மட்டத்தில் படுக்கவைத்தால் கோடு. சனியின் வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சுமார் 2.8 லட்சம் கி.மீ., தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான், அத்தனையும் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். அப்பளம்கூட அந்தக் கணக்குக்கு ரொம்பத் தடிமன். இப்படிக் கோடாகப் பார்க்க இனி 2038 வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பார்க்காமல் போனவர்கள்கூட ஓடி வந்திருப்பார்கள்.

இப்போது அந்த எள்ளு தீபத்து அக்கா. அவரை நீ எதிர்க்கட்சியாக நினைத்துவிட்டாய். உன் கூட்டத்திலேயே சனியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான். சனிப்பெயர்ச்சி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று அவரைக் கேட்டுப் பார், இரண்டரை என்பார். பன்னிரண்டு ராசிக்கு? முப்பது. சனி சூரியனைச் சுற்றிவர ஆகும் காலம் 29.5 வருடம். ஏழரைச் சனி என்பது மூன்று இரண்டரை. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று நம் பாட்டிமார் சொன்ன பழமொழிக்குள் இருப்பதும் அந்தச் சுற்றுதான் என்பார்கள்.

அதே மூச்சில் குருவையும் கேள். ராசிக்கு ஏறத்தாழ ஒரு வருடம், மொத்தம் 12. சூரியன் ராசிக்கு ஒரு மாதம். நிலா இரண்டேகால் நாள். இந்த நாலு எண்ணும் நம் ஊரில் படிக்காதவர்களுக்குக்கூட மனப்பாடம். "இதில் யார் நமக்குக் கிட்ட, யார் எட்ட?" என்று மட்டும் கேட்டுவிட்டு நீ வாயை மூடிக்கொள். மெதுவாகப் போகிறவன் தூரத்தில் இருக்கிறான் என்று அவர்களே சொல்வார்கள். பேருந்து ஜன்னலில் பக்கத்துப் புளியமரம் ஓடுவதையும் தூரத்து மலை நகராமல் கூடவே வருவதையும் பார்க்காதவர் யார்? சனி தூரத்தில் இருப்பதால் மட்டுமல்ல, உண்மையிலேயே மெதுவாகவும் போகிறது என்பது அடுத்த நாள் பாடம். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டாதே. 42 ஸ்லைடாம்!

ஆயாவின் கேள்விக்கு நேர்மையான பதில் "தெரியாது". ஆனால் அதிலும் ஒரு விதம் இருக்கிறது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி வருடம். அதற்குள் எங்கிருந்து வெளிச்சம் கிளம்பி நம்மிடம் வந்து சேர முடியுமோ அதுவரைதான் தெரிகிறது. அந்தாண்ட சுவர் எழுப்பியிருக்கிறது என்று அர்த்தமில்லை. கடைசிப் பஸ் இன்னும் வரவில்லை என்பதற்காக அது கிளம்பிய ஊரே இல்லை என்று சொல்வோமா?


பதில்: தகடூர்க் கறுப்பன், தருமபுரி

டீச்சர் அம்மா சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு இல்லை, மன்னிக்கணும்.

பஞ்சாங்கத்தில் ஆரம்பித்தால் கேட்பவர் மனதில் கடைசியில் நிற்பது பஞ்சாங்கம்தான். "பாத்தியா, விஞ்ஞானியே சனிப்பெயர்ச்சி நிஜம்னு சொல்லிட்டாரு" என்று அடுத்த நாள் டீக்கடையில் பேசுவார்கள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தன்று எங்கள் தெருவில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள். நின்றது. ஆஹா ஓஹோ. மறுநாள் காலை அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நான் நிறுத்திக் காட்டினேன். அடி தட்டையாக இருந்து, எடை நடுவில் விழுந்தால் எந்த நாளும் நிற்கும், இதில் ராகுவுக்கு வேலை இல்லை என்றேன். ஒரு பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? "நேத்து நின்ன பழக்கத்துல இன்னிக்கும் நிக்குது."

அதனால் சுற்று முப்பது வருடம் என்பது கணக்கு, அது உன் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் என்பது கதை, இரண்டையும் ஒரே மேடையில் ஒரே குரலில் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை அடுத்த நாளைக்கு என்று தள்ளினால் அது நழுவல்.

உங்கள் அப்பா கேட்ட பிரயோசனத்துக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. நான் பல வருடம் கிரானைட் லாரி ஓட்டியவன். நிலாவில் மேட்டுநிலத்தில் இருக்கும் பாறை அனார்த்தோசைட் வகை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கிறது. அதை அரைத்து நிலா மண் மாதிரிச் செய்துதான் இஸ்ரோ சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்த்தது. அந்த ரோட்டில் நான் எத்தனை நடை போயிருப்பேன்! ரோட்டோரக் கல்லுக்கும் நிலாவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் லாரியை நிறுத்தி ஒரு கல் எடுத்து வைத்திருப்பேன். உங்கள் அப்பாவிடம் இந்தச் சங்கதியைச் சொல்லிப் பாருங்கள். கன்னுக்குட்டிக்கு ஈடாகாது, ஆனாலும்.


பதில்: பாலக்கோட்டுத் தக்காளி

வளையம் மறைந்தது 2025 மார்ச் 23. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி மார்ச் 29. வீடு மாறும்போது நகையைக் கழற்றி பத்திரமாக வைப்பது வழக்கம்தானே!

(கறுப்பன் அண்ணா, சும்மா தமாஷ். உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.)


பதில்: லேத்துக்காரன், ஓசூர்

நான் மேடையில் பேசுகிறவன் இல்லை. ஆனால் எங்கள் பட்டறைப் பக்கத்து டீக்கடையில் ஒருமுறை ஒரு மணி நேரம் விண்வெளிப் பேச்சு ஓடியது. எப்படி என்று சொல்கிறேன்.

வாயேஜர் 1 விண்கலம் இருக்கிறதே, 1977 செப்டம்பரில் கிளம்பினது, அதில் ஒரு தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு போகிறது. என்றைக்காவது யாராவது எடுத்துக் கேட்டால் கேட்கட்டும் என்று 55 மொழிகளில் வணக்கம் பதிந்து அனுப்பினார்கள். அதில் தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, தமிழ் இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், கடை இரண்டுபட்டது. எங்கள் ஊர் தெரியும்தானே, ஒரே பெஞ்சில் மூன்று பாஷைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கன்னடக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தமிழாசிரியர் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "சுமேரியன்லாம் போட்டிருக்கான், பேச ஆளே இல்லாத பாஷை, நம்மள விட்டுட்டானா?"

அப்புறம் கேள்விகள் தானாக வந்தன. இப்போது அது எங்கே? 2,500 கோடி கி.மீ. தாண்டிவிட்டது, அங்கிருந்து ரேடியோ சிக்னல் வரவே 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எவ்வளவு வேகம்? விநாடிக்கு 17 கி.மீ., அதாவது இங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு மூன்று விநாடி. இதைக் கேட்டதும் தினமும் அந்த ரோட்டில் அல்லாடுகிற வேன் டிரைவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். சரி, யாராவது அதைக் கண்டுபிடித்துக் கேட்பார்களா? யாருக்குத் தெரியும். அப்போ எதுக்கு அனுப்பினான்? இந்த இடத்தில் யாரும் பேசவில்லை. கடைசியில் டீ மாஸ்டர்தான் சொன்னார்: "நடுகல் நட்டவன் மட்டும் யாரு வந்து படிப்பான்னு தெரிஞ்சா நட்டான்?"

நான் ஒன்றுமே விளக்கவில்லை. தமிழை விட்டுவிட்டார்கள் என்று ஒரு கோபத்தைக் கிளப்பினேன், அவ்வளவுதான்.


கூழ் ஆலைக்காரன், காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் நன்றி. பொங்கல் முடிந்து எழுதுகிறேன்.

மாட்டுப்பொங்கல் ராத்திரி மறுபடி வைத்தேன். நோட்டீஸ் இல்லை, ஸ்லைடு இல்லை, மைக் இல்லை. எங்கள் வாசலில் பீரங்கியை நிறுத்தினேன், அவ்வளவுதான். கிழக்கே வியாழன் பளிச்சென்று இருந்தது. இந்த முறை முந்தின ராத்திரியே பார்த்துச் சரிசெய்துகொண்டேன். சூடு கண்ட பூனை.

டீச்சர் சொன்னபடி எள்ளு தீபத்து அக்காவிடமே போய்க் கேட்டேன், குரு ஒரு ராசியில் எத்தனை நாள் என்று. அவர் சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தவில்லை. வக்கிரம் என்றார், மிதுனத்திலிருந்து கடகம் போய்விட்டு மறுபடி மிதுனத்துக்கே வந்திருக்கிறார் என்றார். கிரகம் ஏன் பின்னால் போவதுபோலத் தெரிகிறது என்று எனக்கு ஒரு வாசல் திறந்தது. பூமி வேகமாக உள்வட்டத்தில் சுற்றுகிறது, வியாழனை முந்தும்போது அது பின்வாங்குவதுபோல் தெரியும் என்று சொல்ல, அவர் மகனை உள்ளே ஓடவிட்டேன், இன்னொரு பையனை வெளியே மெதுவாக நடக்கவிட்டேன். இரண்டும் மோதிக்கொண்டன. பரவாயில்லை, புரிந்தது. அக்கா குழாயில் கண் வைத்தார். குரு பார்த்தால் கோடி நன்மை, அதில் அவருக்குச் சிக்கல் இல்லை. சனியைப் பார்ப்பாரா என்று கேட்கவில்லை.

வியாழன் பக்கத்தில் நாலு புள்ளி வரிசையாக இருந்தது. நாலும் அதன் நிலாக்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரிடம் பேப்பர் கொடுத்து, பார்த்ததை வரை என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி வரையச் சொன்னேன். ஒரு பெண் குழந்தை கத்தினாள், "அண்ணா, இது ஒண்ணு நகந்திருக்குது!" கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்தது இதைத்தான், அதுவும் ஜனவரி இதுவும் ஜனவரி என்றேன். அவளுக்கு கலிலியோ பற்றிக் கவலை இல்லை. மறுபடி எப்போது வரைய வேண்டும் என்றுதான் கேட்டாள்.

கறுப்பன் அண்ணா, நீங்கள் சொன்னதையும் செய்தேன். சுற்று 12 வருடம் என்பது கணக்கு, மற்றது எனக்கு நம்பிக்கை இல்லை என்று அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "உனக்கு வயசாகட்டும்" என்றார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஆயாவிடம் கடைசிப் பஸ்ஸைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இன்னும் வெளிச்சம் வந்துக்கினே இருக்குது" என்றார். ஆமாம் என்றேன். "நான் இருக்கும்போது வராது" என்றார். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆயா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை, எனக்குத்தான் என்னவோபோல இருந்தது.

நைனா சித்தம்பூண்டிக் கல்லைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். "அந்தக் கல்லை வித்தவனுக்குக் காசு வந்துச்சா?" என்றார்.

அடுத்து ஏப்ரல். நம் அட்சரேகைக்கு நேர் உச்சியில் சூரியன் வரும் நாள் இருக்கிறதே, நிழலில்லா நாள், அது எங்களுக்கு ஏப்ரல் 23ஐ ஒட்டி வருகிறது. தருமபுரிக்கு ஒரு நாள் முன்னே, ஓசூருக்கு ஒரு நாள் பின்னே. பகல் 12:15 தாண்டி ஒரு சில நிமிடம், செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். நிறுத்துவதற்கு எது தோதென்று யோசித்தபோது கறுப்பன் அண்ணாவின் உலக்கைதான் ஞாபகம் வந்தது. கிரகணமும் இல்லாமல் தாம்பாளமும் இல்லாமல், நட்டநடு வெயிலில், தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு உலக்கை நிற்க வேண்டும். ஒன்றுக்கும் நிழல் இருக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், விசாரித்ததில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் மிக்சிதான். இதுவரை தேறியது இரண்டு. ஒன்று கோணல்.

யாரிடமாவது நேரான உலக்கை இருந்தால் சொல்லுங்கள்.


ஊத்தங்கரை டீச்சர்

என்னிடம் ஒன்று இருக்கிறது தம்பி, மாமியார் காலத்தது, பூண் போட்டது, அம்பாக நிற்கும். டவுன் பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்பதுதான் தெரியவில்லை.


தகடூர்க் கறுப்பன், தருமபுரி

நான் 22ஆம் தேதி இங்கே முடித்துவிட்டு மறுநாள் வண்டியில் வருகிறேன். ஊத்தங்கரை சுற்றி வந்து அம்மாவையும் உலக்கையையும் ஏற்றிக்கொள்கிறேன். அந்தப் பெரியவரையும் கூட்டிவரப் பார்க்கிறேன்.